வெடி வைத்தது சட்டப்படிதான்! ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளும் அவர்களின் புனித இடங்களும்

2020ஆம் ஆண்டு மே 24, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகளில் அன்று நோன்புப் பெருநாள். தமிழகத்தில் நமக்கு மறுநாள். கொரோனா ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடிக் கிடக்க, வீட்டுக்குள்ளேயே குடும்பத்தோடு பெருநாள் தொழுகை நடத்திய அந்த ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். உலகமே நோய்ச் செய்திகளில் மூழ்கியிருந்த அந்த நாளில், மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஒரு சுரங்க நிறுவனம் பாறைகளுக்கு வெடி வைத்தது. இரும்புத்தாது தோண்டும் அந்தப் பகுதியில் வெடிச்சத்தம் புதிதல்ல. ஆனால் அன்று ஜூக்கன் என்ற பள்ளத்தாக்கில் தகர்ந்து போனவை இரண்டு பாறைக் குகைகள். அவற்றில் ஒன்றில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள்.

செய்தி வெளியே வந்தபோது, யாரோ இரவோடு இரவாகச் செய்த திருட்டு வேலை என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படி இல்லை. வெடி வைத்த ரியோ டின்டோ, உலகின் மிகப் பெரிய சுரங்க நிறுவனங்களில் ஒன்று. அதன் கையில் மாநில அமைச்சரின் அனுமதி இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளின் பாரம்பரியத்தைப் பாதுகாப்பதற்கென்றே 1972இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதி அது. எனவே குகைகளைத் தகர்த்ததற்காக நிறுவனத்தின் மீது வழக்கும் இல்லை, அபராதமும் இல்லை.

பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் எப்படி ஓர் இடத்தை அழிக்க முடிந்தது? அந்த மண்ணுக்குச் சொந்தமான மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இதைப் புரிந்துகொண்டால், உலகில் வேறெங்கும் சுரங்கமும் ஆலையும் வரும்போது பழங்குடி மக்களுக்கு நேர்வதையும் ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். பில்பரா என்பது செம்மண்ணும் சிவந்த பாறைகளும் நிறைந்த வறண்ட நிலம். உலகின் இரும்புத்தாது வணிகத்தில் மிகப் பெரிய பங்கு இங்கிருந்துதான் போகிறது. இந்த நிலத்தின் ஒரு பகுதி புட்டு குண்டி குர்ராமா, பினிக்குரா என்ற இரண்டு பூர்வகுடி மக்களுக்கு உரியது. பெயர் நீளம் என்பதால் அவர்களை பி.கே.கே.பி. மக்கள் என்று சுருக்கி அழைக்கிறார்கள். ஜூக்கன் என்பது அவர்களின் முன்னோர் ஒருவரின் பெயர். அந்தப் பள்ளத்தாக்கில் பாம்பின் தலையைப் போன்ற வடிவில் ஒரு சுனையும் உண்டு. அவர்களின் நம்பிக்கைக் கதைகளில் அதற்கு இடம் இருக்கிறது.

2014இல் தொல்லியலாளர்கள் அங்கே முழுமையாக அகழாய்வு செய்தனர். சுமார் 7,000 பொருள்கள் கிடைத்தன. கங்காருவின் கால் எலும்பைக் கூராகத் தீட்டிச் செய்த ஒரு கருவி, 28,000 ஆண்டுகள் பழமையானது. பனியுகத்தில் மழை பொய்த்து, உள்நாட்டுப் பகுதிகளை விட்டு மனிதர்கள் வெளியேறிய காலத்திலும் இந்தக் குகையில் ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட வியப்பான பொருள் ஒன்று உண்டு. மனிதத் தலைமுடியைப் பின்னிச் செய்த ஒரு துண்டு. இடுப்பில் கட்டும் கச்சையின் பகுதியாக இருக்கலாம் என்கிறார்கள். 4,000 ஆண்டுகள் பழமையானது. அதன் மரபணுவைச் சோதித்தபோது, இன்று வாழும் பி.கே.கே.பி. மக்களோடு அது பொருந்தியது. எகிப்தில் பிரமிடுகள் எழுந்து சில நூற்றாண்டுகளே ஆன காலத்தில் யாரோ ஒருவர் தன் உறவினர்களின் முடியைச் சேர்த்துப் பின்னிய கச்சை அது. அவருடைய பேரப்பிள்ளைகளின் வழி வந்தவர்கள் இன்றும் அதே நிலத்தில் இருக்கிறார்கள். ஒரே இடத்தில் இப்படித் தொடரும் உறவுக்கு உலகில் எத்தனைச் சான்றுகள் கிடைக்கும்?

அங்கே கட்டடம் எதுவும் இல்லையே, வெறும் பாறைதானே என்று சிலர் கேட்கலாம். சுரங்க நிறுவனங்கள் பல காலமாகக் கேட்டுவந்த கேள்வியும் இதுதான். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் புனிதத்தைக் கட்டி எழுப்புவதில்லை. முன்னோர்கள் நடந்துபோன பாதை, அவர்கள் தண்ணீர் குடித்த சுனை, தங்கிய குகை என்று நிலமே அவர்களுக்கு நூல். அந்தப் பாதையை வரிசை மாறாமல் பாட்டாகப் பாடி, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். நடுவில் ஓர் இடம் போய்விட்டால் பாட்டில் ஒரு வரி போனது போல. நம் ஊர்க் கபரஸ்தானிலும் பழைய கப்ருகள் பலவற்றுக்கு அடையாளக் கல்கூட இருப்பதில்லை. அதற்காக அங்கே பொக்லைன் இறங்கினால் ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா?

இனி அனுமதி கிடைத்த கதைக்கு வருவோம்.

1972ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடிகளின் இடங்களைச் சேதப்படுத்துவது குற்றம் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நிலத்தின் மீது உரிமை உள்ளவர் (சுரங்கக் குத்தகைதாரரும் இதில் அடக்கம்) அந்த இடத்தைப் பயன்படுத்த விரும்பினால் விண்ணப்பிக்கலாம். ஒரு குழு பரிசீலித்துப் பரிந்துரைக்கும். அமைச்சர் முடிவு செய்வார். அமைச்சர் மறுத்தால் நிறுவனம் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அமைச்சர் அனுமதித்தால் பூர்வகுடிகள் மேல்முறையீடு செய்ய வழி இல்லை. இந்த ஒருபக்க ஏற்பாடு சுமார் ஐம்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

அது எப்படி வேலை செய்தது என்பதைக் காட்ட ஓர் எண்ணிக்கை போதும். 2010 முதல் 2020 வரையிலான பத்து ஆண்டுகளில் சுரங்கக் குத்தகை நிலங்கள் தொடர்பாக 463 விண்ணப்பங்கள் போயின. மறுக்கப்பட்டது ஒன்றே ஒன்று.

ஜூக்கன் குகைகளுக்கான அனுமதி 2013இல் கிடைத்தது. நாம் மேலே சொன்ன அகழாய்வு நடந்ததோ அடுத்த ஆண்டு. அதாவது, அங்கே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிவதற்கு முன்பே அதை அழிக்க அனுமதி கொடுத்தாகிவிட்டது. சரி, 46,000 ஆண்டுச் சான்று கிடைத்த பிறகாவது அனுமதியைத் திரும்பிப் பார்த்திருக்கலாமே? சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. புதிய தகவல் வந்தால் பழைய அனுமதியை மறுபரிசீலனை செய்யலாம் என்ற ஒரு வரி அதில் எழுதப்படவே இல்லை.

அந்த மக்களும் 2011இல் ரியோ டின்டோவோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'அவர்களே சம்மதித்ததுதானே' என்று வாதிட்டவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1992இல் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், வெள்ளையர் வரும்போது இந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற பழைய கட்டுக்கதையைத் தள்ளுபடி செய்தது. அதன் விளைவாக 1993இல் பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பூர்வகுடிகளுக்குச் சுரங்க நிறுவனத்தோடு பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையைத் தந்தது. மறுக்கும் உரிமையைத் தரவில்லை. ஆறு மாதத்துக்குள் உடன்பாடு வரவில்லை என்றால் விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே பெரும்பாலும் நிறுவனத்துக்கே அனுமதி கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்தால் உற்பத்தியில் பங்குத் தொகையும் கேட்க முடியாது.

எப்படியும் சுரங்கம் வரப்போகிறது, கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் பணமும் வேலைவாய்ப்பும் கிடைக்கும், போடாவிட்டால் அதுவும் இல்லை. இப்படி ஒரு மேசையில் உட்கார வைத்து வாங்கிய கையெழுத்தை சம்மதம் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. இத்தகைய ஒப்பந்தங்களில் இன்னொன்றும் இருந்தது: நிறுவனத்தின் திட்டங்களை எதிர்த்துப் பொதுவெளியில் பேசக் கூடாது, ஆட்சேபம் தெரிவிக்கக் கூடாது என்ற வாய்ப்பூட்டு விதிகள்.

நாடாளுமன்ற விசாரணையில் ஓர் உண்மை வெளியே வந்தது. அந்தச் சுரங்கக் குழியை எப்படி விரிவாக்குவது என்று நிறுவனத்திடம் நான்கு திட்டங்கள் இருந்தன. அவற்றில் மூன்று, குகைகளைத் தொடாமலே போகும் திட்டங்கள். நான்காவதைத் தேர்ந்தெடுத்தால் கூடுதலாக 80 லட்சம் டன் தாது கிடைக்கும். மதிப்பு சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். நிறுவனம் நான்காவதைத் தேர்ந்தெடுத்தது. மற்ற மூன்று வழிகள் இருந்த செய்தியே அந்த மக்களுக்குச் சொல்லப்படவில்லை.

கடைசி நாட்களில் நடந்ததும் வேதனையானது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் நடக்கும் பூர்வகுடி வாரத்தை ஒட்டி ஜூக்கனுக்குப் போய்வர அனுமதி கேட்டார்கள் பி.கே.கே.பி. மக்கள். அப்போதுதான், மே 15 அன்று, அங்கே வெடி வைக்க ஏற்பாடு நடப்பது அவர்களுக்குத் தெரியவந்தது. உடனே நிறுத்தச் சொன்னார்கள். மத்திய அமைச்சர்களின் அலுவலகங்கள் வரை முறையிட்டார்கள். குழிகளில் வெடிமருந்து ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டது, அதை எடுப்பது ஆபத்து என்று பதில் வந்தது. மொத்தம் 382 குழிகள். ஆனால் அவற்றில் 7 குழிகளில் இருந்து மருந்து எடுக்கப்பட்டது. ஏன் என்றால், அந்த 7 குழிகளும் வெடித்தால் 18ஆம் பிரிவு அனுமதி வாங்காத வேறு சில பாரம்பரிய இடங்கள் பாதிக்கப்படும். அது சட்ட மீறலாகிவிடும். அனுமதி இல்லாத இடத்தைக் காப்பாற்ற முடிந்தது. அனுமதி இருந்த இடத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

வெடித்தது மே 24. ஆஸ்திரேலியா தன் பூர்வகுடிகளுக்கு இழைத்த கொடுமைகளை நினைவுகூர்ந்து வருத்தம் தெரிவிக்கும் தேசிய நாள் மே 26.

பிறகு கிளம்பிய எதிர்ப்பு நிறுவனம் எதிர்பாராதது. முதலில் மூன்று உயர் அதிகாரிகளின் போனஸைக் குறைத்து விஷயத்தை முடிக்கப் பார்த்தார்கள். ஓய்வூதிய நிதியங்கள் உள்ளிட்ட பங்குதாரர்கள் விடவில்லை. செப்டம்பரில் தலைமைச் செயல் அதிகாரி ஜான் செபாஸ்தியன் ஜாக் உட்பட அந்த மூவரும் பதவி விலகுவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு நிறுவனத் தலைவரும் விலக முடிவு செய்தார். நாடாளுமன்றக் குழு விசாரித்து 2020 டிசம்பரில் ஓர் இடைக்கால அறிக்கையும், 2021 அக்டோபரில் இறுதி அறிக்கையும் தந்தது. நாடு முழுவதற்கும் ஒரே பாதுகாப்புச் சட்டம் வேண்டும், அதைப் பூர்வகுடிகளோடு சேர்ந்து எழுத வேண்டும் என்றது இறுதி அறிக்கை. 2022 நவம்பரில் ரியோ டின்டோவும் பி.கே.கே.பி. மக்களும் ஓர் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வந்து, ஜூக்கன் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைக்க முடிவானது.

இதற்கிடையில் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஜூக்கன் தகர்ந்த ஐந்தே நாளில், அதே பில்பராவில் பி.எச்.பி. என்ற வேறொரு சுரங்க நிறுவனத்துக்கு, பஞ்சிமா மக்களின் சுமார் 40 இடங்களைப் பாதிக்கக்கூடிய அனுமதி கையெழுத்தானது. மக்கள் கோபத்தைப் பார்த்த பிறகு, மேற்கொண்டு கலந்து பேசாமல் அந்த இடங்களைத் தொட மாட்டோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. ஆக, அப்போதைக்கு அந்த இடங்களைக் காத்தது மக்களின் கோபம்தான், சட்டம் அன்று.

மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2021இல் புதிய சட்டம் இயற்றியது. 2023 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே விவசாயிகளும் நில உடைமையாளர்களும் கொதித்தெழுந்தார்கள். 1,100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் வேலி போடவும் குழி தோண்டவும் கூட அனுமதி வாங்க வேண்டிவருமோ என்ற அச்சம் பரவியது. விதிகள் குழப்பமாக இருந்தன என்பதையும் மறுக்க முடியாது. அரசு ஆகஸ்ட் 8 அன்று, அதாவது ஐந்தே வாரத்தில், சட்டத்தைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. நவம்பரில் பழைய 1972ஆம் ஆண்டுச் சட்டமே சில திருத்தங்களுடன் திரும்ப வந்தது. இப்போது பூர்வகுடிகளும் மேல்முறையீடு செய்யலாம்; புதிய தகவல் கிடைத்தால் நிறுவனம் அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும். இவை நல்ல மாற்றங்களே. ஆனாலும் 18ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. முடிவு அமைச்சர் கையில்தான்.

சட்டம் வேறு மாதிரி இருந்தால் நிலைமை மாறுமா? இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. அதே ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தைப் பார்த்தால் போதும்.

அந்த வடக்குக் கரையில் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறும் இருக்கிறது. வெள்ளையர் குடியேறுவதற்கு முன்பே இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மக்காசரில் இருந்து கடலோடிகள் அங்கே வந்து போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். டிசம்பர் வாக்கில் பருவக்காற்றோடு பாய்மரக் கப்பல்களில் வருவார்கள். கடல் அட்டை பிடித்து, வேகவைத்து, உலர்த்தி, ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போவார்கள். அந்த அட்டை சீனச் சந்தைக்குப் போகும். பூர்வகுடிகளுக்குத் துணி, இரும்புக் கத்தி, அரிசி, புகையிலை கொடுத்தார்கள். சண்டைகளும் நடந்தன, ஆனால் நிலத்தை எடுத்துக்கொள்ள அவர்கள் வரவில்லை. அங்குள்ள ஒரு பாறையில் வரையப்பட்ட அவர்களின் கப்பல் 1664க்கு முந்தியது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அவர்கள் தின்று போட்ட கொட்டையிலிருந்து முளைத்த புளியமரங்கள் இன்றும் அந்தக் கரையில் நிற்கின்றன. வெள்ளையரை அங்குள்ள யோல்ங்கு மக்கள் 'பலண்டா' என்று அழைப்பதும் மக்காசர்காரர்களிடம் கற்றதே. 'ஹாலந்தர்' என்பதன் திரிபு. 1907இல் அரசு உரிமம் தர மறுத்து அந்த வரவை நிறுத்தியது. மக்காசர் கப்பல்களின் வடிவத்தைக் கற்களை அடுக்கி யோல்ங்கு மக்கள் தரையில் வரைந்து வைத்திருக்கும் ஓர் இடம் யிர்கலாவுக்கு அருகே இருக்கிறது. அது 2013இல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இதே யிர்கலாவில்தான் நில உரிமைப் போராட்டமும் பெரிதாக எழுந்தது. 1963இல் பாக்சைட் சுரங்கத்துக்காக, யோல்ங்கு மக்களைக் கேட்காமலே அவர்களின் நிலத்தை அரசு ஒதுக்கியது. அவர்கள் மரப்பட்டையில் தங்கள் ஓவியங்களைத் தீட்டி, நடுவில் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுரங்கம் நிற்கவில்லை. நீதிமன்றம் போனார்கள், 1971இல் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வி எழுப்பிய கேள்விகள் அரசை உலுக்கின. 1976இல் வடக்குப் பிரதேசத்துக்கென்று நில உரிமைச் சட்டம் வந்தது. அதில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இல்லாத ஒன்று இருந்தது. கனிமத் தேடலுக்கு உரிமம் கேட்கும் கட்டத்திலேயே, பூர்வகுடி நில உரிமையாளர்கள் 'வேண்டாம்' என்று சொல்லலாம். ஒருமுறை தேடலுக்குச் சம்மதித்துவிட்டால் பிறகு சுரங்கத்தை மறுக்க முடியாது என்ற குறையும் பின்னால் வந்த திருத்தத்தால் சேர்ந்தது. இருந்தாலும் அந்த ஒரு சொல்லின் வலிமை பெரிது.

காக்கடு தேசியப் பூங்காவை ஒட்டிய கூங்காரா என்ற இடத்தில் யுரேனியம் இருந்தது. பிரான்சின் அரேவா நிறுவனம் அதைத் தோண்ட விரும்பியது. ஜோக் குலத்தின் மூத்த பொறுப்பாளர் ஜெஃப்ரி லீ சம்மதித்திருந்தால் பெரும் செல்வந்தராகியிருப்பார். அவர் மறுத்தார். பணம் வரும் போகும், இடம் போனால் திரும்பாது என்பதே அவர் நிலைப்பாடு. 2011இல் கூங்காராவை உலகப் பாரம்பரியப் பகுதியில் சேர்க்க வேண்டும் என்று வாதாட அவர் பாரிஸ் வரை போனார், சேர்க்கப்பட்டது. 2013இல் அது தேசியப் பூங்காவோடு இணைந்தது. அங்கே இனி சுரங்கம் இல்லை.

இன்னொரு இடம் ஜபிலுகா. அதுவும் காக்கடு பக்கத்தில்தான், அதுவும் யுரேனியம்தான். 1998இல் மிரார் மக்கள் அழைப்பு விடுக்க, ஆயிரக்கணக்கானோர் பல மாதங்கள் அங்கே மறியல் செய்தார்கள். கடைசியில் 2005இல், மிரார் மக்களின் சம்மதம் இல்லாமல் ஜபிலுகாவைத் தொட மாட்டோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. 2024இல் குத்தகையை நீட்டிக்கவும் அரசு மறுத்துவிட்டது. அந்தச் சுரங்க நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைக் கையில் வைத்திருந்தது யார் தெரியுமா? ரியோ டின்டோ. ஜூக்கனில் வெடி வைத்த அதே ரியோ டின்டோ.

எதிரே நிற்பவர்களின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு எடை இருந்த இடத்தில் அந்த நிறுவனம் பணிந்து போனது. எடை இல்லாத இடத்தில் வெடி வைத்தது. நிறுவனங்களின் நல்லெண்ணத்தைப் பற்றி எத்தனை அறிக்கைகள் வந்தாலும், இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் சரியான கணக்கு என்று நாம் நினைக்கிறோம்.

ஒரே வெடியில் போவது ஒருவகை அழிவு. மெல்ல மெல்லத் தேய்வது இன்னொரு வகை. அதைப் பார்க்க மீண்டும் பில்பராவுக்கு, அதன் கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கே முருஜுகா என்ற தீபகற்பமும் அதைச் சுற்றித் தீவுகளும் இருக்கின்றன. அரசு வரைபடத்தில் தீபகற்பத்தின் பெயர் பர்ரப். 1885இல் கொலை செய்யப்பட்ட ஒரு வங்கி எழுத்தரின் பெயர் அது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாறைச் செதுக்கல்கள் உள்ள இடத்துக்கு இப்படி ஒரு பெயர்!

கங்காரு, ஆமை, மீன், மனித முகங்கள், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன வரியுள்ள தைலசீன் என்ற விலங்கு, எல்லாம் அந்தப் பாறைகளில் இருக்கின்றன. கடல் இன்றைய கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்த பனியுகக் காலத்திலிருந்து செதுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த நிலத்தின் யபுராரா மக்கள் 1868இல் குடியேறிகளாலும் காவல்துறையாலும் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றும் சர்ச்சைக்குரியது. இப்போது அவர்களோடு தொடர்புடைய ஐந்து குழுக்கள் சேர்ந்து ஒரு கழகமாக அந்த இடத்தைப் பராமரித்துவருகின்றன.

1960களில் இரும்புத்தாது துறைமுகம் வந்தது, பிறகு உப்பளம், 1980களில் வுட்சைட் நிறுவனம் நடத்தும் பிரமாண்டமான எரிவாயு ஆலை, அதன் பிறகு உர ஆலை. எரிவாயு ஆலை கட்டும்போது சுமார் 1,800 செதுக்குப் பாறைகளைப் பெயர்த்தெடுத்து வேலி போட்ட ஓரிடத்தில் கொண்டுபோய்க் குவித்தார்கள். எந்தப் பாறை எந்தத் திசையைப் பார்த்து, எதன் பக்கத்தில் இருந்தது என்பதுதான் அந்தச் செதுக்கலின் பொருளே.

பாறையின் மேல் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அது உருவாக ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஆகும். அந்தப் படலத்தைக் கொத்தி, உள்ளே இருக்கும் வெளிர்நிறத்தை வெளிக்கொண்டு வந்துதான் உருவங்களைச் செதுக்கினார்கள். ஆலைப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு கலந்து அமிலமாகி அந்தப் படலத்தை அரிக்கும் என்பது சில ஆய்வாளர்களின் எச்சரிக்கை. படலம் போனால் உருவமும் போய்விடும். 2025 மே மாதம் வெளியான அரசு ஆதரவு பெற்ற ஆய்வு, ஆலைகளுக்கு அருகிலுள்ள சில பாறைகளில் நுண்துளைகள் கூடியிருப்பதைக் கண்டது. 1970களின் மாசு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது. இன்றைய புகையால் ஆபத்து இல்லை என்று அதை வாசித்தவர்கள் உண்டு. அந்த வாசிப்பை ஏற்காத விஞ்ஞானிகளும் உண்டு. வாதம் முடியவில்லை.

முருஜுகா மக்களிடையிலும் ஒரே குரல் இல்லை. 2003இல் அரசோடு போட்ட ஒப்பந்தத்தில், ஆலைகளை எதிர்ப்பதில்லை என்று அந்தக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பதிலுக்குத் தேசியப் பூங்காவும் சில நிலங்களும் பணமும் கிடைத்தன. ஆலைகளோடு பேசிப் பேசியே பாறைகளைக் காக்கலாம் என்பவர்களும், இனி ஒரு புகைக்குழாயும் கூடாது என்று நீதிமன்றம் போனவர்களும் ஒரே குடும்பங்களில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நாம் இவர்களில் ஒரு தரப்பை விலைபோனவர்கள் என்று முத்திரை குத்துவது நியாயமாகாது. மறுக்கும் உரிமையே கொடுக்கப்படாத மக்கள், தங்களால் முடிந்த வழியில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடிக்கிறார்கள்.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு முருஜுகாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆலைப் புகைக்கு முடிவு கட்டும் வரை காத்திருக்கலாம் என்று நிபுணர் அமைப்பு முதலில் பரிந்துரைத்திருந்தது. முருஜுகாவின் மூத்தவர்களும் ஆஸ்திரேலிய அரசும் நேரில் வாதாடிய பிறகு குழு உடனடியாகவே சேர்த்துக்கொண்டது. நாடாளுமன்ற அறிக்கை கேட்ட நாடு தழுவிய பாதுகாப்புச் சட்டம் அப்போதும் வந்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 12 அன்று, முருஜுகாவின் எரிவாயு ஆலைக்கு மத்திய அரசு இறுதி அனுமதி நீட்டிப்பு வழங்கியது. காற்று மாசு குறித்தவை உட்பட 48 நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. 2030இல் முடிய வேண்டிய ஆலையின் காலம் 2070 வரை நீள்கிறது.